செக்யூரிட்டி ஏஜென்சியின் உரிமத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

செக்யூரிட்டி ஏஜென்சிக்காரர் கொட்டேஷன் கொடுக்க வரும்போது கையில் ஒரு கோப்பும் இருக்கும். ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழ், உத்யம் பதிவு, பான் கார்டு நகல், பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. எண், ஐ.எஸ்.ஓ. முத்திரை போட்ட ஒரு தாள், ஏற்கெனவே ஆள் அனுப்பிய இடங்களில் வாங்கிய பாராட்டுக் கடிதங்கள் எல்லாம் அதில் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் அசோசியேஷன் செயலாளரோ, நகைக்கடை மேனேஜரோ, கல்லூரி அலுவலக மேற்பார்வையாளரோ அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் மேலே சொன்ன காகிதங்களில் ஒன்றுகூட, காவலாளிகளை அனுப்பும் தொழிலை நடத்துவதற்கான அனுமதி கிடையாது.

அந்த அனுமதி, தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-இன்கீழ் மாநிலத்தின் கட்டுப்பாட்டு அதிகாரி தரும் உரிமம். சட்டத்தின் ஆங்கிலப் பெயருடைய சுருக்கத்தை வைத்துத் தொழிலில் இருப்பவர்கள் அதை 'பிசாரா லைசென்ஸ்' என்கிறார்கள். கட்டுப்பாட்டு அதிகாரி என்பவர் மாநில உள்துறையில் இணைச் செயலாளர் பதவிக்குக் குறையாதவராக, அல்லது அதற்கு இணையான அதிகாரியாக இருக்க வேண்டும். ஏஜென்சியைப் பற்றிக் காவல்துறையிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிய பிறகே அவர் உரிமம் வழங்க முடியும். மற்ற பதிவுகளை இணையத்தில் விண்ணப்பித்து யாரும் வாங்கிவிடலாம். நடத்துபவரின் பின்னணியை அரசு விசாரித்துத் தருவது இந்த ஒன்றைத்தான்.

ஆலைகளும் வங்கிகளும் ஒரு காலத்தில் காவலாளிகளைத் தாங்களே வேலைக்கு எடுத்தன. 1990-களுக்குப் பிறகு ஏ.டி.எம்.கள், மென்பொருள் நிறுவன வளாகங்கள், பெரிய துணிக்கடைகள், கேட் போட்ட குடியிருப்புகள் என்று காவல் தேவைப்படும் இடங்கள் பெருகின. ஆள் அனுப்புவது தனித் தொழிலாக வளர்ந்தது. ஒரு போன் எண்ணும் நாலு ஜோடி யூனிஃபாரமும் இருந்தால் யாரும் ஏஜென்சி தொடங்கலாம் என்ற நிலை. யார் நடத்துகிறார், யாரை அனுப்புகிறார், அந்த ஆள் மீது வழக்கு ஏதும் உண்டா என்று கேட்கச் சட்டத்தில் இடம் இல்லை. நாடாளுமன்றம் 2005-இல் சட்டத்தை நிறைவேற்றியது. 2006 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. 4-ஆம் பிரிவு நேரடியாகச் சொல்கிறது: உரிமம் இல்லாமல் யாரும் இந்தத் தொழிலைத் தொடங்கவோ நடத்தவோ கூடாது.

இந்தத் தொழில் என்றால் எதுவரை? மனிதரையோ உடைமையையோ காப்பதற்கு ஆள் அனுப்பும் எவரும் இதில் அடக்கம். கேட்டில் உட்காரும் காவலாளி, வங்கிப் பணத்தை ஏற்றிச் செல்லும் கவச வண்டிச் சேவை, காவலாளிகளுக்குப் பயிற்சி தரும் நிறுவனம் எல்லாம் சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. கல்யாண மண்டபத்துக்கும் கல்லூரி விழாவுக்கும் 'பவுன்சர்' அனுப்புகிறவர் 'நாங்க ஈவென்ட் மேனேஜ்மென்ட்' என்று சொல்லிக்கொள்ளலாம். செய்வது ஆள் காவல் என்றால் அவருக்கும் உரிமம் வேண்டும். அதே நேரத்தில், ஒரு வீட்டுக்காரரோ அசோசியேஷனோ நேரடியாகச் சம்பளம் கொடுத்து ஒரு வாட்ச்மேனை வைத்துக்கொண்டால், அங்கே ஏஜென்சி என்று எதுவும் இல்லை. உரிமக் கேள்வியும் எழாது. தெருவில் இரவு விசில் ஊதிப்போகும் கூர்க்காவுக்கு மாதா மாதம் பத்தோ இருபதோ கொடுப்பதும் அப்படித்தான். வேறொருவருக்காக ஆள் திரட்டி அனுப்பிப் பில் போடும் இடத்தில்தான் இந்தச் சட்டம் தொடங்குகிறது.

சரி, உரிமத்தின் நகலைக் காட்டிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஏமாற்று வேலைகளில் பெரும்பகுதி இதற்குப் பிறகுதான் இருக்கிறது. உரிமம் ஒரு குறிப்பிட்ட பெயருக்கு, குறிப்பிட்ட பரப்புக்கு, குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்படுவது. மூன்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும், உங்கள் கேட்டைப் பொறுத்தவரை அந்த ஏஜென்சிக்கு உரிமம் இல்லை.

பெயரை முதலில் எடுத்துக்கொள்வோம். அண்ணன் தனி உரிமையாளராக உரிமம் வாங்கியிருப்பார். தம்பி கிட்டத்தட்ட அதே பெயரில் பிரைவேட் லிமிடெட் தொடங்கி உங்களுக்குப் பில் அனுப்புவார். பெரிய ஏஜென்சி ஒப்பந்தத்தை எடுத்து, ஆள் அனுப்பும் வேலையை உள்ளூரில் உரிமமே இல்லாத ஒருவரிடம் சப்-கான்ட்ராக்ட் விட்டிருக்கும். சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. உரிமம் வாங்கிய பெயரை விட்டு வேறு பெயரில் இயங்குவது 13-ஆம் பிரிவின்படி உரிமத்தை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ போதுமான காரணம். லெட்டர் ஹெட்டிலோ விளம்பரத்திலோ அரசின் அங்கம் போலக் காட்டிக்கொள்வதற்கும் அதே பிரிவு பொருந்தும். ஆகவே உரிமம், ஒப்பந்தம், ஜி.எஸ்.டி. பில், பி.எஃப். சலான், காவலாளியின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை ஆகிய ஐந்தையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே பெயர்தானா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பத்து நிமிட வேலை. இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலையைவிடப் பயனுள்ள சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

அடுத்தது பரப்பு. ஒரு மாவட்டத்தில் மட்டும் இயங்க 5,000 ரூபாய், ஐந்து மாவட்டங்கள் வரை 10,000 ரூபாய், மாநிலம் முழுவதும் என்றால் 25,000 ரூபாய் என்று சட்டத்திலேயே கட்டணம் மூன்று படியாக இருக்கிறது. ஒரு மாவட்டத்துக்கு வாங்கிய உரிமத்தை வைத்துப் பக்கத்து மாவட்டத்தில் ஆள் நிறுத்த முடியாது. சென்னைப் பக்கம் இது நிஜமாகவே குழப்பம் தரும் விஷயம். ஓ.எம்.ஆர். சாலையில் சோழிங்கநல்லூர் சென்னை மாவட்டம். அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். செங்கல்பட்டே 2019 நவம்பரில்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. முகவரியில் 'சென்னை' என்று எழுதிப் பழகிய குடியிருப்பு எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைச் சொத்து ஆவணத்தில் பார்த்துவிட்டு, அந்த மாவட்டம் உரிமத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓசூர் ஆலைகளுக்கு வேறு மாதிரிச் சிக்கல் வரலாம். பெங்களூரு ஏஜென்சி கர்நாடக உரிமத்தைக் காட்டலாம். உரிமம் தருவது மாநிலம். கர்நாடகம் தந்தது தமிழ்நாட்டில் செல்லாது. 'ஆல் இந்தியா லைசென்ஸ்' என்று ஒருவர் சொன்னால், அப்படி ஒரு உரிமத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

காலத்தைப் பொறுத்தவரை, உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். முடிவதற்கு 45 நாட்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும். 'அப்ளை பண்ணியாச்சு சார், வந்துடும்' என்று ரசீதை நீட்டுவது வழக்கமான பதில். புது ஏஜென்சி என்றால் அந்த ரசீதுக்கு மதிப்பே இல்லை. சட்டம் வந்த புதிதில், ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்கள் விண்ணப்பித்துவிட்டுத் தொடரலாம் என்று ஒரு விதிவிலக்கு இருந்தது. அது அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டது. புதுப்பித்தல் என்றால், பழைய உரிமம் முடிந்த தேதியையும் புது விண்ணப்பம் போட்ட தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 45 நாள் கணக்கில் தவறியவர் மற்ற கணக்குகளிலும் எப்படி இருப்பார் என்று அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

நகலை வைத்துக்கொண்டு யூகிப்பதைவிட நேரில் போவது நல்லது. 12-ஆம் பிரிவின்படி, ஏஜென்சி தன் தொழிலிடத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் உரிமத்தையோ அதன் நகலையோ மாட்டியிருக்க வேண்டும். அவர்கள் அலுவலகத்துக்குப் போய்ப் பார்க்கலாம். அலுவலகம் என்று ஒன்று இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். மத்திய உள்துறை அமைச்சகம் பிசாரா உரிமங்களுக்கென்று இணையதளம் வைத்திருக்கிறது. உரிம எண்ணோடு அங்கே தொடங்கலாம். சந்தேகம் தீரவில்லை என்றால், உரிம எண், பெயர், மாவட்டம், தேதி நான்கையும் எழுதி, இது உங்கள் அலுவலகம் தந்ததுதானா, இப்போது நடப்பில் இருக்கிறதா என்று கட்டுப்பாட்டு அதிகாரியிடமே கேட்டு ஒரு கடிதம் போடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது; 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். குழந்தைகள் விளையாடும் இடத்தின் சாவியையும் ஒவ்வொரு வீட்டின் வரவு போக்கையும் இவர்கள் கையில்தான் கொடுக்கப்போகிறீர்கள்.

2018 ஜூலையில் சென்னை அயனாவரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த கொடுமை இங்கே யாருக்கும் மறந்திருக்காது. ஒரு சிறுமியைப் பல மாதங்களாகப் பாலியல் வன்கொடுமை செய்தவர்களில், லிஃப்ட் இயக்குபவர்களும் காவலாளிகளும் உட்பட, அதே வளாகத்தில் வேலை செய்தவர்கள் இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமத்தைச் சரிபார்த்தால் மட்டும் இப்படி எதுவும் நடக்காது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் வளாகத்துக்குள் வருபவர் யார், அவர் பின்னணியை யார் விசாரித்தது என்ற கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த வழக்குக்குப் பிறகும் உணராமல் இருக்க முடியாது. சட்டத்தின் 10-ஆம் பிரிவு இதைத்தான் ஏஜென்சியின் தலையில் கடமையாக வைக்கிறது. காவலாளியாக அனுப்பப்படுபவருக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், 65 நிறைவடைந்திருக்கக் கூடாது. அவரது நடத்தையையும் முன்வரலாற்றையும் ஏஜென்சி விசாரித்துத் திருப்தி அடைந்திருக்க வேண்டும். நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவரையோ, ராணுவம், காவல்துறை போன்ற பணிகளிலிருந்து ஒழுக்கக்கேட்டுக்காக நீக்கப்பட்டவரையோ வேலைக்கு எடுக்கக் கூடாது.

இதற்கான தாள் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறையில் நடத்தைச் சரிபார்ப்பு இணையவழியாகவே செய்யப்படுகிறது. செய்யவில்லை என்பதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த இளைஞர் என்றால் சொந்த ஊரிலிருந்து சரிபார்ப்பு வரத் தாமதமாகலாம், அது உண்மைதான். தாமதமாகிறது என்றால் விண்ணப்பித்ததற்கான சான்று கையில் இருக்க வேண்டும். ஆதார் நகலை மட்டும் காட்டி 'வெரிஃபிகேஷன் முடிஞ்சுது' என்று சொல்வதை ஏற்கக் கூடாது. ஆதார் ஆளின் அடையாளத்தைச் சொல்லும். நடத்தையைப் பற்றி எதுவும் சொல்லாது.

பயிற்சியும் இதே மாதிரிதான். மத்திய அரசின் மாதிரி விதிகள் காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும், குறைந்தது 20 வேலைநாட்களில், வேண்டும் என்கின்றன. முன்னாள் ராணுவத்தினருக்கும் முன்னாள் காவல்துறையினருக்கும் 40 மணி நேர வகுப்பும் 16 மணி நேரக் களப் பயிற்சியும் போதும். பதினைந்து காவலாளிகளுக்கு ஒரு சூப்பர்வைசர் இருக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. உங்கள் கேட்டில் நிற்பவரிடம், தீயணைப்பான் உருளையை எப்படி இயக்குவது, யாராவது மயங்கி விழுந்தால் முதலில் என்ன செய்வது என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். பயிற்சி நடந்ததா, சான்றிதழ் மட்டும் அச்சானதா என்பது தெரிந்துவிடும். தவறு அந்த மனிதருடையது இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நேற்று ஊரிலிருந்து ரயிலில் வந்தவருக்கு இன்று யூனிஃபாரம் மாட்டி அனுப்பியவருடைய தவறு அது.

யூனிஃபாரத்தைப் பற்றியும் சட்டம் கறாராகப் பேசுகிறது. ராணுவம், காவல்துறை சீருடையையோ அதுபோலத் தோற்றம் தரும் உடையையோ அணிந்தால், அணிந்தவருக்கும் ஏஜென்சி உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. காக்கிச் சட்டையும் தோளில் நட்சத்திரமும் பார்க்க மிடுக்காக இருக்கிறது என்று கேட்டு வாங்கும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். துப்பாக்கிக்கும் இந்த உரிமத்துக்கும் தொடர்பில்லை. ஆயுதம் ஏந்திய காவலாளி என்றால் ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் தனியாக வேண்டும்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். உரிமத்தின் உண்மையான நிலையைக் கொட்டேஷனில் உள்ள எண்களே காட்டிக்கொடுத்துவிடும் என்பது என் கருத்து. காரணம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்தச் சட்டத்துக்கு ஓர் அட்டவணை உண்டு. குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பி.எஃப். சட்டம், போனஸ் சட்டம், பணிக்கொடைச் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் போன்றவை அதில் வரிசையாக இருக்கின்றன. அவற்றை மீறுவது உரிமம் ரத்தாவதற்கான காரணம். அந்தச் சட்டங்கள் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் வந்துவிட்டாலும், கடமை எங்கும் போய்விடவில்லை. ஆகவே காவலாளியின் சம்பளத்தில் கை வைக்கும் ஏஜென்சி, தன் உரிமத்தை இழக்க வேண்டிய காரியத்தைத்தான் மாதாமாதம் செய்துகொண்டிருக்கிறது.

ஒரு கேட்டுக்கு 24 மணி நேரக் காவல் என்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். வகுத்துப் பார்த்தால் மூன்றரை ஆள். மூன்று ஷிஃப்ட்டுக்கு மூன்று பேர், வார விடுப்புக்கு மாற்றாக நிற்கும் ரிலீவரில் பாதி. உங்கள் கொட்டேஷனில் இரண்டு பேர் மட்டும் இருந்தால், இருவரும் பன்னிரண்டு மணி நேரம், வாரம் ஏழு நாளும் நிற்கப்போகிறார்கள் என்று பொருள். பன்னிரண்டு மணி நேர டியூட்டி மலிவு என்று எல்லோரும் நம்புகிறார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி கொடுக்க வேண்டும். நான்கு மணி நேர ஓவர்டைம், எட்டு மணி நேரச் சம்பளம். அப்படியானால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 மணி நேரச் சம்பளம், இருவருக்கு 32. மூன்று பேரை எட்டு மணி நேரம் வைத்தால் 24 மணி நேரச் சம்பளம்தான். சட்டப்படி கொடுத்தால் இரண்டு ஷிஃப்ட் முறைதான் விலை கூடியது. அது மலிவாகத் தெரிவதற்கு ஒரே காரணம், ஓவர்டைம் பணம் அந்த மனிதருக்குப் போய்ச் சேரவில்லை என்பதே.

சம்பளத்துக்கு மேலும் கணக்கு இருக்கிறது. எடுத்துக்காட்டுக்கு மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பி.எஃப்.-இல் நிர்வாகக் கட்டணம் உட்பட முதலாளியின் பங்கு 13 சதவீதம், 1,950 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், சுமார் 488 ரூபாய். போனஸ் 8.33 சதவீதம் என்று முழுச் சம்பளத்தின் மீது கணக்கிட்டால் ஏறக்குறைய 1,250 ரூபாய். இதுவரைக்குமே 18,700 ரூபாயைத் தொடுகிறது. பணிக்கொடை, ரிலீவர், யூனிஃபாரம், பயிற்சி, சூப்பர்வைசர், ஏஜென்சியின் லாபம் எல்லாம் இதற்கு மேல். 18 சதவீத ஜி.எஸ்.டி. அதற்கும் மேல். ஒருவர் இதைவிடக் குறைவாகக் கொட்டேஷன் தந்தால், எந்தச் செலவைத் தவிர்த்தீர்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் தவிர்த்திருப்பது காவலாளிக்குச் சேர வேண்டியதாகத்தான் இருக்கும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான்களில் உங்கள் கேட்டில் நிற்பவர்களின் பெயர் இருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். ஏஜென்சி கட்டத் தவறினால், ஆள் வாங்கிய நிறுவனத்தின் மீது முதன்மை முதலாளி என்ற முறையில் அந்தப் பொறுப்பு திரும்பி வரலாம்.

சட்டத்தின் பலவீனத்தையும் மறைக்க வேண்டியதில்லை. உரிமமே இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் 20-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாநிலம் முழுவதற்குமான உரிமக் கட்டணமும் அதே 25,000 ரூபாய் என்பதை மேலே பார்த்தோம். நீதிமன்றம் சிறை தராமல் அபராதத்தோடு விட்டுவிட்டால், பிடிபட்டவருக்கு ஆகும் செலவு ஒழுங்காக உரிமம் எடுத்தவருக்கு ஆன செலவைத் தாண்டாது. ஒழுங்காக ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, சலான் கட்டும் ஏஜென்சிகள் ஒவ்வொரு டெண்டரிலும் இந்த ஆட்களிடம் விலையில் தோற்றுப்போகின்றன. 2005-இல் எழுதிய தொகை இன்றைய தொழிலின் அளவுக்குப் பொருந்தவே இல்லை. அதை உயர்த்த வேண்டும். அதுவரைக்கும், உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் வாடிக்கையாளரைத்தான் போலி ஏஜென்சிகள் அதிகம் பயப்படும்.

ஒப்பந்தம் போடும்போது சில வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். உரிம எண், அது செல்லும் மாவட்டங்கள், முடியும் தேதி ஆகியவை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் சப்-கான்ட்ராக்ட் விடக் கூடாது என்று இருக்க வேண்டும். புது ஆள் டியூட்டிக்கு வருவதற்கு முன்பு அவரது போலீஸ் சரிபார்ப்புச் சான்றும் புகைப்பட அடையாள அட்டையும் உங்களிடம் வந்துவிட வேண்டும். உரிமம் காலாவதியானாலோ நிறுத்திவைக்கப்பட்டாலோ முன்னறிவிப்பு இல்லாமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். அப்புறம், உரிமம் முடிகிற நாளுக்கு அறுபது நாள் முன்பாக அசோசியேஷன் நாட்குறிப்பில் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். புதுப்பிக்க விண்ணப்பித்தீர்களா என்று அன்று கேட்டால், 45 நாள் கெடுவுக்கு இன்னும் இரண்டு வாரம் மிச்சம் இருக்கும். ஏஜென்சி மறந்திருந்தாலும் தவறாமல் விண்ணப்பிக்க அந்த அவகாசம் போதும்.